குட்டி யானைக்கு ஏன் நாலு சக்கரம்? ‘எனக்கு இது வேணும்’ என்ற பேச்சு இன்ஜினீயரின் எண்ணாக மாறுவது எப்படி?

கோயம்பேட்டில் இருந்து தக்காளிப் பெட்டி வரணுமா, வீடு மாறும்போது பீரோவும் ஃபிரிட்ஜும் போகணுமா, கல்யாண மண்டபத்துக்கு அண்டாவும் அடுப்பும் போகணுமா? நம்ம ஊரில் முதலில் வரும் பேச்சு, “ஒரு குட்டி யானை சொல்லிடு” என்பதுதான். கம்பெனி வைத்த பெயர் டாடா ஏஸ். இந்தி பேசும் ஊர்களில் ‘சோட்டா ஹாத்தி’. 2005 மே மாதம் விற்பனைக்கு வந்த இந்த வண்டி, 2012-லேயே 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டுவிட்டது.

இந்த வண்டியை வடிவமைத்த குழுவினர், காகிதத்தில் கோடு போடுவதற்கு முன்பே, லோடு ஆட்டோ ஓட்டுபவர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். அப்போது கிடைத்த ஒரு பதில் இன்றைக்கும் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்லப்படுகிறது. மூன்று சக்கர வண்டி வைத்திருந்த ஓர் இளைஞர், நாலு சக்கர வண்டி இருந்தால் நல்லது என்றார். ஏன் என்று கேட்டபோது அவர் மைலேஜ் பற்றிப் பேசவில்லை. லோடு பற்றியும் பேசவில்லை. நாலு சக்கர வண்டி வைத்திருந்தால் ஊரில் தனக்கு நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்றார்.

இப்போது நீங்கள் அந்தக் குழுவில் ஓர் இன்ஜினீயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நல்ல இடத்துல பொண்ணு கிடைக்கணும்’ என்பதை டிராயிங்கில் எந்த இடத்தில் எழுதுவீர்கள்? அது எத்தனை மில்லிமீட்டர்? எத்தனை கிலோ?

சிரிப்பு வரலாம். ஆனால் மிக்ஸி தயாரிப்பவர், ஆப் எழுதுபவர், ஆஸ்பத்திரி உபகரணம் வடிவமைப்பவர் எல்லோரும் தினமும் சந்திக்கிற கேள்வி இதுதான். வாடிக்கையாளர் தன் வாழ்க்கையைப் பேசுவார். தொழிற்சாலைக்கோ எண் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நடக்கிற மொழிபெயர்ப்பில் ஒரு பொருள் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது.

சொன்னது, தேவை, ஸ்பெக் - மூணும் வேற வேற

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, வாடிக்கையாளர் வாயால் சொன்னது. “கார் கதவு சாத்த ஈஸியா இருக்கணும்.” இரண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் தேவை. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை. இடுப்பால் தள்ளினாலே கதவு சாத்த வேண்டும். மூன்று, தொழில்நுட்பத் தேவை. கதவைச் சாத்துவதற்கு ஆகும் ஆற்றல் இத்தனை ஜூலுக்கு மேல் போகக் கூடாது.

முதல் இரண்டிலும் அளவு கிடையாது. மூன்றாவதில் அளவு உண்டு. ஒரு கருவியை வைத்து அளந்து பாஸா, ஃபெயிலா என்று சொல்லிவிடலாம். நல்ல தொழில்நுட்பத் தேவைக்கு இலக்கணம் இதுதான்: இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்தாலும் ஒரே பதில் வர வேண்டும். ‘ஈஸியா இருக்கணும்’ என்பதை வைத்துக்கொண்டு சோதித்தால், டெஸ்ட் செய்கிற ஆளின் உடல்வாகைப் பொறுத்துப் பதில் மாறும்.

இன்னொரு விஷயம். வாடிக்கையாளர் பல நேரங்களில் தேவையைச் சொல்ல மாட்டார், தீர்வைச் சொல்வார். “பேட்டரி பெருசா வேணும்” என்பார். அவருக்கு வேண்டியது பெரிய பேட்டரி இல்லை. சாயங்காலம் வீடு திரும்பும் வரை போன் அணையக் கூடாது, அவ்வளவுதான். அதைப் பெரிய பேட்டரியாலும் தீர்க்கலாம். வேகமான சார்ஜராலும் தீர்க்கலாம். பின்னணியில் மின்சாரத்தைத் தின்னும் ஆப்களைக் கட்டுப்படுத்தியும் தீர்க்கலாம். அவர் சொன்னதை அப்படியே ஸ்பெக் ஷீட்டில் ஏற்றிவிட்டால் மற்ற இரண்டு வழிகளும் அடைபட்டுப் போகும். போன் கனமானதுதான் மிச்சம்.

குட்டி யானை எப்படிப் பிறந்தது?

அன்றைய டெல்கோ, இன்றைய டாடா மோட்டார்ஸ், 2000-01 நிதியாண்டில் சுமார் 500 கோடி ரூபாய் நஷ்டம் கண்டது. லாரி சந்தை படுத்திருந்த நேரம். பெரிய லாரிகளை மட்டும் நம்பி இருக்க முடியாது என்ற நிலையில் சின்ன வண்டித் திட்டம் தொடங்கியது. வர்த்தக வாகனப் பிரிவின் தலைவராக இருந்த ரவி காந்த், அந்தப் பொறுப்பை கிரிஷ் வாக் என்ற இளம் இன்ஜினீயரிடம் கொடுத்தார்.

பெரிய லாரி ஊருக்கு வெளியே நிற்கும். அங்கிருந்து கடைவீதிக்குச் சரக்கைக் கொண்டு போவது மூன்று சக்கர லோடு ஆட்டோ. அது விலை குறைவு, சந்து பொந்தெல்லாம் நுழையும். ஆனால் நெடுஞ்சாலைக்குப் போனால் பயம். லோடு ஏற்றினால் ஆட்டம். சத்தம் காதைப் பிளக்கும். லோடு ஆட்டோ ஓட்டியவர்கள் பேசியது எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான். அந்தப் பேச்சையும், வெளிவந்த வண்டியின் ஸ்பெக் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“சந்துக்குள்ள திரும்பணும்” - திரும்பும் ஆரம் 4.3 மீட்டர். மொத்த நீளம் 3.8 மீட்டர், அகலம் 1.5 மீட்டர்.

“லோடு தாங்கணும்” - 750 கிலோ சுமை. முன்னும் பின்னும் லாரியைப் போல லீஃப் ஸ்பிரிங்.

“டீசல் செலவு கட்டுப்படியாகணும்” - 2 சிலிண்டர், சுமார் 700 சிசி, 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின்.

“விலை கைக்கு எட்டணும்” - அறிமுக விலை சுமார் 2.25 லட்சம் ரூபாய்.

இதில் இன்ஜினைக் கவனியுங்கள். கம்பெனியின் இண்டிகா காரில் இருந்தது 1,405 சிசி, 4 சிலிண்டர் டீசல் இன்ஜின். அதைப் பாதியாக்கினால் 2 சிலிண்டர், சுமார் 702 சிசி. அப்படித்தான் செய்தார்கள். புதிதாக ஓர் இன்ஜினை முதலில் இருந்து வடிவமைக்கும் செலவு மிச்சம். ஒரு சிலிண்டரோடு ஓடும் லோடு ஆட்டோவின் அதிர்வும் இல்லை. செலவு, ஆட்டம், சத்தம் என்று மூன்று தேவைகளுக்கு ஒரே முடிவு பதில் சொன்னது.

சரி, அந்த இளைஞரின் கல்யாணத் தேவை என்ன ஆனது? கௌரவத்துக்கு அளவுகோல் இல்லை. ஆனால் கௌரவம் எதில் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் உண்டு. ஹேண்டில்பாருக்குப் பதில் ஸ்டீயரிங். மூன்றுக்குப் பதில் நாலு சக்கரம். மூடிய இரும்பு கேபின், காரில் இருப்பது போலக் கதவு, ஜன்னல் கண்ணாடி. இவை எல்லாமே டிராயிங்கில் எழுதக்கூடியவை. அளக்க முடியாத தேவையைக் குப்பையில் போடாமல், அளக்கக்கூடிய அடையாளங்களாக உடைப்பதுதான் இந்த வேலையின் பாதிச் சூட்சுமம்.

கேட்காமலே எதிர்பார்ப்பது

வாடிக்கையாளரிடம் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? தெரியாது. ஜப்பான் பேராசிரியர் நோரியாக்கி கானோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சட்டகம் கொடுத்தது. இன்றைக்கு ‘கானோ மாடல்’ என்று புராடக்ட் மேனேஜர்கள் எல்லோரும் பேசுவது அதைத்தான்.

தேவைகளை அது முக்கியமாக மூன்றாகப் பிரிக்கிறது.

முதலாவது, இருந்தே ஆக வேண்டியவை. போனில் கால் பேச முடிய வேண்டும். இதை யாரும் சர்வேயில் எழுத மாட்டார்கள். இருந்தால் ஒருவரும் பாராட்டப் போவதில்லை. இல்லாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது, கூடக்கூட மகிழ்ச்சி தருபவை. மைலேஜ், பேட்டரி நேரம், கேமரா தெளிவு. விளம்பரத்தில் எண்ணாக வருவது பெரும்பாலும் இவைதான்.

மூன்றாவது, ஆச்சரியப்படுத்துபவை. இல்லாவிட்டால் யாருக்கும் குறையாகத் தெரியாது. இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆச்சரியம் நிரந்தரம் இல்லை. ஒரு காலத்தில் கைரேகை வைத்துப் போனைத் திறப்பது அதிசயம். இன்று அது இல்லாத போனை ஒதுக்கிவிடுகிறோம். மூன்றாவது வகை மெல்ல நழுவி முதல் வகைக்கு வந்துவிடும். ஆகவே அஞ்சு வருஷத்துக்கு முன் எழுதிய தேவைப் பட்டியலை வைத்து இன்றைய பொருளைச் செய்ய முடியாது.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க கானோ சொன்ன வழி எளிமையானது. ஒவ்வொரு அம்சத்துக்கும் இரண்டு கேள்வி. “இது இருந்தா எப்படி இருக்கும்?” “இது இல்லைன்னா எப்படி இருக்கும்?” இரண்டு பதில்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘இருந்தால் சாதாரணம்தான், இல்லாவிட்டால் கடுப்பாகிவிடும்’ என்று வந்தால் அது முதல் வகை. ‘இருந்தால் சூப்பர், இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்றால் மூன்றாவது.

ஒரே பக்கத்தில் ஒரு வீடு

தேவைகளைக் கண்டுபிடித்தாயிற்று. அவற்றை ஸ்பெக்கோடு இணைப்பது எப்படி? இங்கேதான் ‘தர வீடு’ வருகிறது. ஜப்பானில் யோஜி அகாவோ 1960-களின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்த முறையில் இருந்து பிறந்தது இது. 1972-ல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் பயன்படுத்தப்பட்டது. பிறகு டொயோட்டா குழுமம் எடுத்துக்கொண்டது. 1988-ல் ஜான் ஹவுசர், டான் கிளாசிங் இருவரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை இதை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு கார் கதவு.

படம் இப்படி இருக்கும். இடது பக்கம் வரிசையாக வாடிக்கையாளரின் வார்த்தைகள்: வெளியில் இருந்து சாத்த எளிதாக இருக்கணும், மேட்டில் நிறுத்தினாலும் திறந்த கதவு தானாகச் சாத்தக் கூடாது, மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது, ரோட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. மேலே நெடுக்காக இன்ஜினீயரின் அளவுகள்: சாத்துவதற்கு ஆகும் ஆற்றல், 10 டிகிரி சரிவில் கதவைப் பிடித்து நிறுத்தும் விசை, ரப்பர் சீலின் இறுக்கம், குறையும் சத்தத்தின் அளவு. நடுவில் கட்டங்கள். எந்தத் தேவைக்கும் எந்த அளவுக்கும் தொடர்பு இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் குறி போடுவார்கள்.

இதற்கு மேலே முக்கோணமாக ஒரு கூரை. அதனால்தான் ‘வீடு’ என்று பெயர். ஓர் அளவை மாற்றினால் இன்னொன்று என்ன ஆகும் என்பதைக் கூரை சொல்லும். சீலை இறுக்கினால் தண்ணீர் வராது, சத்தமும் குறையும். ஆனால் கதவைச் சாத்த அதிக பலம் வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் அம்மாவுக்கு அங்கே சிக்கல் வந்துவிடுகிறது.

இந்த மோதல் கதவு தயாரான பிறகு தெரிந்தால் அச்சு மாற்ற வேண்டும், காசு போகும், தேதி தள்ளிப் போகும். காகிதத்திலேயே தெரிந்தால் ஒரு ரப்பர் போதும், அழித்து எழுதிவிடலாம். அந்த ஒற்றைக் காகிதத்தைச் சுற்றி மார்க்கெட்டிங் ஆளும், டிசைனரும், ஃபாக்டரி ஆளும் உட்கார்ந்து சண்டை போடுவதுதான் இந்த முறையின் உண்மையான பலன்.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது புரிவதற்காக நாம் போடும் கணக்கு. எந்தக் கம்பெனியின் கணக்கும் இல்லை. ஒரு சின்ன லோடு வண்டி. நாலு தேவைகள். எவ்வளவு முக்கியம் என்று வாடிக்கையாளர்கள் 5-க்கு மார்க் போட்டிருக்கிறார்கள்: டீசல் செலவு 5, சந்தில் திரும்புவது 4, லோடு 5, சத்தம் குறைவது 2.

தொடர்பு பலமாக இருந்தால் 9, நடுத்தரமாக இருந்தால் 3, லேசாக இருந்தால் 1, இல்லையென்றால் 0. இது இந்த முறையில் வழக்கமாகப் போடும் மதிப்பு.

முதலில் வண்டியின் வெற்று எடை. டீசல் செலவோடு பலமான தொடர்பு, 5 x 9 = 45. லோடோடு நடுத்தரத் தொடர்பு, 5 x 3 = 15. மொத்தம் 60.

அடுத்து வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம். திரும்புவதோடு பலமான தொடர்பு, 4 x 9 = 36. லோடு ஏற்றும் இடத்தோடு நடுத்தரத் தொடர்பு, 5 x 3 = 15. மொத்தம் 51.

மூன்றாவது, கேபினில் சத்தம் தடுக்கும் பொருள். சத்தத்தோடு பலமான தொடர்பு, 2 x 9 = 18. எடை கூடுவதால் டீசல் செலவோடு லேசான தொடர்பு, 5 x 1 = 5. மொத்தம் 23.

ஆக, இருக்கிற பணத்தையும் இன்ஜினீயர்களின் நேரத்தையும் முதலில் எடையைக் குறைப்பதில் போட வேண்டும் என்று காகிதம் சொல்கிறது. எம்.டி.க்கு மியூசிக் சிஸ்டம் பிடிக்கும் என்பதற்காக அங்கே போய்ப் போடக் கூடாது என்றும் சொல்கிறது.

ஆனால் இந்த எண்களைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 60-க்கும் 51-க்கும் இடையே உள்ள வித்தியாசம் நாம் போட்ட மார்க்கில் இருந்து வந்தது. இந்தக் கட்டங்களில் உண்மையிலேயே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரு தேவையின் வரிசை முழுக்கக் காலியாக இருந்தால், வாடிக்கையாளர் கேட்டதை யாருமே கவனிக்கவில்லை என்று அர்த்தம். ஓர் அளவின் பத்தி முழுக்கக் காலியாக இருந்தால், யாரும் கேட்காத ஒன்றுக்காகச் செலவு செய்கிறோம் என்று அர்த்தம்.

நானோ: எண் ஜெயித்தது, தேவை தோற்றது

இதே கம்பெனி. இதே கிரிஷ் வாக் தலைமை. அடுத்த திட்டம் டாடா நானோ. ஒரு குடும்பமே ஒரு ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் அறிமுகம். 2009 மார்ச்சில் சந்தைக்கு வந்தது. அடிப்படை மாடலின் விலை 1 லட்சம் ரூபாய், அதுவும் டீலர் விலை. உலகமே திரும்பிப் பார்த்தது.

இன்ஜினீயரிங் கோணத்தில் இது பெரிய சாதனை. 2 சிலிண்டர், 624 சிசி இன்ஜின் பின்பக்கம். சக்கரத்துக்கு மூன்றே மூன்று நட். ஒரே ஒரு வைப்பர். முதல் மாடலில் பின்கதவு வெளியில் இருந்து திறக்காது. பின்சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் செலவைக் குறைக்க எடுத்த முடிவு. 1 லட்சம் என்ற எண்ணைப் பிடித்துவிட்டார்கள்.

ஆனால் ஸ்கூட்டர் குடும்பத்தின் தேவை என்ன? மழையில் நனையாமல் போவது, பாதுகாப்பு. அதோடு ‘எங்க வீட்டுலயும் கார் இருக்கு’ என்று சொல்வது. முதல் இரண்டுக்கும் டிராயிங்கில் இடம் கிடைத்தது. மூன்றாவதை ‘உலகின் மலிவான கார்’ என்ற பட்டம் அடித்து விட்டது. லோடு ஆட்டோ இளைஞர் கேட்ட அதே கௌரவம்தான் இங்கேயும் கேட்கப்பட்டது. பெயரில் மலிவு ஒட்டிக்கொண்ட பிறகு, அதை வாசலில் நிறுத்திப் பெருமைப்பட எத்தனை பேருக்கு மனசு வரும்? மலிவான கார் என்று விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

நானோவின் சரிவுக்கு இது மட்டும் காரணம் இல்லை. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் போராட்டம் வெடித்து, தொழிற்சாலை குஜராத்தின் சாணந்துக்கு மாறியது. சில கார்கள் தீப்பிடித்த செய்திகளும் மிரள வைத்தன. 2018 ஜூன் மாதத்தில் தயாரானது ஒரே ஒரு நானோ. அந்த ஆண்டோடு கதை முடிந்தது.

இதில் பாடம் இதுதான். 1 லட்சம் என்பது ஒரு ஸ்பெக். அது தேவைக்குப் போகும் வழியாக இருக்க வேண்டும். எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த எண் அழகாக இருந்ததால், அதுவே தேவையின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இன்ஜினீயரிங்கில் இதற்கு இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. ‘சொன்னபடி செய்தோமா?’ என்பது ஒன்று. ‘செய்ய வேண்டியதைச் செய்தோமா?’ என்பது இன்னொன்று. ஸ்பெக் ஷீட்டை வைத்து முதல் கேள்விக்கு லேபிலேயே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்கு வாடிக்கையாளரின் வீட்டு வாசலில்தான் பதில் கிடைக்கும்.

‘யூசர்’ என்றால் யார்?

தேவையை எண்ணாக மாற்றும்போது இன்னொரு பெரிய ஆபத்து உண்டு. யாருடைய தேவை?

கார் விபத்துச் சோதனையில் டம்மி பொம்மைகளை வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா? பல பத்தாண்டுகளாக முக்கியமான டம்மி, சராசரி அமெரிக்க ஆணின் உடல் அளவில் செய்யப்பட்டது. உயரம் சுமார் 175 செ.மீ., எடை சுமார் 78 கிலோ. ‘பயணிக்குப் பாதுகாப்பு வேணும்’ என்ற தேவை, ‘இந்த டம்மிக்கு இவ்வளவுக்கு மேல் அடி படக் கூடாது’ என்று மாறியது. அமெரிக்க விபத்துத் தரவுகளை வைத்து 2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சீட் பெல்ட் போட்டிருந்த பெண் ஓட்டுநர்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு, ஒத்த சூழலில் ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று கண்டது.

யாரும் பெண்களுக்கு எதிராகத் திட்டம் போடவில்லை. ‘பயணி’ என்ற சொல்லுக்கு ஒரே ஓர் உடலைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஸ்பெக் ஷீட்டில் இல்லாத ஆளுக்குச் சோதனையும் இல்லை. சின்னச் சொல் ஒன்றை அவசரமாக மொழிபெயர்த்தால் அதன் விலை எலும்பு முறிவாகக்கூட இருக்கலாம்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, நேரில் போய்ப் பார்ப்பது. டொயோட்டாவின் யூஜி யோக்கோயா, 2004 மாடல் சியன்னா வேனுக்குத் தலைமை இன்ஜினீயர். வட அமெரிக்கக் குடும்பங்களுக்கான வண்டி. அவர் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ முழுக்கச் சுமார் 53,000 மைல், அதாவது 85,000 கி.மீ. சுற்றினார். மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தில் பக்கக் காற்று வேனை ஆட்டியது. பக்கக் காற்றில் நிலைத்தன்மை என்ற தேவை எழுதப்பட்டது. சாண்டா ஃபே நகரின் குறுகலான தெருக்களில் திருப்ப முடியவில்லை. திரும்பும் ஆரம் குறைக்கப்பட்டது. வேனை வாங்குவது பெற்றோர், ஆனால் உள்ளே ராஜ்ஜியம் நடத்துவது பிள்ளைகள் என்று அவர் கண்டுகொண்டார். டோக்கியோவில் உட்கார்ந்து சர்வே படித்திருந்தால் இதில் பாதி கிடைத்திருக்காது.

டீக்கடையில் ஒரு பயிற்சி

இது காருக்கு மட்டும்தானா? தினமும் டீ குடிக்கும் கடையில் இருக்கும் சவுண்ட்பாக்ஸைப் பாருங்கள். “பத்து ரூபாய் பெறப்பட்டது” என்று தமிழில் சொல்கிறதே, அதுதான்.

யூபிஐ வந்த புதிதில் கடைக்காரருக்குப் போனிலேயே மெசேஜ் வந்தது. ‘பணம் வந்ததை உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்ற ஸ்பெக் நிறைவேறிவிட்டது. ஆனால் கடைக்காரரின் தேவை? காலை 8 மணி, எதிரே பத்துப் பேர், இரண்டு கையிலும் டீ கிளாஸ். போன் கல்லாவில், சில நேரம் வீட்டில். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு. “காசு வந்துச்சான்னு கையைத் துடைக்காம தெரியணும்” என்பதுதான் உண்மையான தேவை.

இப்போது நீங்களே மொழிபெயர்த்துப் பாருங்கள். கையைத் துடைக்காமல் என்றால் ஒலி வேண்டும். கடை இரைச்சலில் கேட்க வேண்டும் என்றால் எத்தனை டெசிபல்? வாடிக்கையாளர் நகர்வதற்குள் தெரிய வேண்டும் என்றால் எத்தனை வினாடி? போன் கடையில் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும் என்றால் அதற்கென்று தனி சிம் வேண்டும். கரன்ட் போனால்? பேட்டரி எத்தனை மணி நேரம்? வேலை பார்க்கும் தம்பிக்கும் புரிய வேண்டும் என்றால் எந்த மொழி? ஒரே ஒரு வாக்கியத்தில் இருந்து அரை டஜன் ஸ்பெக் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் அளக்கவும் முடியும்.

அடுத்த மீட்டிங்கில் என்ன கேட்கலாம்?

நீங்கள் ஓ.எம்.ஆரில் ஆப் எழுதுபவராக இருக்கலாம், கோவையில் பம்ப் டிசைன் செய்பவராக இருக்கலாம். கிளையன்ட் “கொஞ்சம் வேகமா இருக்கணும்” என்று சொன்னால் உடனே தலையாட்டிவிட்டு வராதீர்கள். இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. இது தேவையா, தீர்வா? தீர்வு என்றால், “இது இருந்தா உங்களுக்கு எது சரியாகும்?” என்று ஒரு படி பின்னால் போங்கள்.

2. யாருக்கு, எங்கே, எப்போது? வைஃபையில் இருக்கும் மேனேஜருக்கா, சிக்னல் இல்லாத கிராமத்தில் நிற்கும் ஃபீல்டு ஆபீசருக்கா?

3. எதை வைத்து அளப்பது? ‘வேகம்’ என்பது பக்கம் திறக்கும் நேரமா, மொத்த வேலையும் முடியும் நேரமா? எத்தனை வினாடிக்குள்? பத்தில் எத்தனை முறை?

4. இதைக் கூட்டினால் எது குறையும்? வீட்டின் கூரையை மறக்காதீர்கள். வேகத்துக்காகப் பாதுகாப்புச் சோதனை ஒன்றை எடுத்துவிட்டால் அதையும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

5. எண் கிடைக்காத தேவை எது? பயம், வெட்கம், பெருமை, நம்பிக்கை. இவற்றை ‘எமோஷன்’ என்று ஒதுக்காமல் தனி வரியில் எழுதுங்கள். அவை எதில் கண்ணுக்குத் தெரிகின்றன என்று பட்டியல் போடுங்கள்.

எழுதி முடித்த ஸ்பெக்கை மறுபடி வாடிக்கையாளரின் பேச்சு மொழியில் அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். “அண்ணே, நீங்க பட்டனைத் தட்டினதும் ரெண்டு செகண்டுல பில் வந்துடும், நெட் இல்லைன்னாலும் வரும். இதானே கேட்டீங்க?” அவர் “ஆமாப்பா, இதான்” என்றால் வேலையை ஆரம்பிக்கலாம். “இதுவும் சரிதான், ஆனா...” என்று இழுத்தால் நோட்டை மூடாதீர்கள். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதுதான் நீங்கள் இன்னும் எழுதாத ஸ்பெக்.